வெயில் படும் பக்கம்

அம்மா 11 வருடமாகக் கோலாலம்பூரில் ஓர் அலுவலகக் கோபுரத்தில் துப்புரவு வேலை செய்கிறார். ஆறு மாடிகளின் கழிப்பறைகளும் லிஃப்ட் முன்கூடங்களும் ஒரு படிக்கட்டும் அவர் பொறுப்பு. வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். கட்டடத்தின் ஏர்கோனும், கழிப்பறைக் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறியும் எட்டு மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கும். அந்த இரண்டு மணி நேரமும் ஜன்னலே இல்லாத அறைக்குள் பிளீச் வாடையோடு நின்று தரையைத் தேய்க்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் சூப்பர்வைசர் ஏசுவார்.

இயந்திரவியல் படித்து முடித்து, கட்டடங்களுக்கு ஏர்கோனும் காற்றோட்டமும் வடிவமைக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் நான் சேர்ந்த முதல் வாரம், அம்மா கேட்டார்: “நாலு வருஷம் படிச்சியே, எங்க டாய்லெட்டுக்கு ஏன் ஜன்னல் வைக்கலன்னு அதுல சொல்லிக் குடுத்தாங்களாம்மா?”

சொல்லிக் கொடுக்கவில்லை. அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வேலையில் சில வருடங்கள் போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று புரிந்தது. பசுமைக் கட்டடம் என்று பேச்சு வந்தாலே நம் ஊரில் சூரியத் தகடு, கூரைத் தோட்டம், பிளாட்டினம் சான்றிதழ் என்று பேச்சு போய்விடும். வாசலில் செடி வைத்த கட்டடமெல்லாம் பசுமைதான். நான் அம்மாவின் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு இந்த நாட்டு அலுவலகக் கட்டடங்களின் கதையைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஓர் அலுவலகம் வெயிலை எந்தப் பக்கம் தள்ளுகிறது? அந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

*

மெர்டேக்கா சதுக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தை நாம் அரண்மனை மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஆபீஸ். சிலாங்கூர் அரசாங்க அலுவலகங்களுக்காக 1894-இல் தொடங்கி 1897-இல் முடித்தார்கள். ஏ.சி. நோர்மன் பெயரில் இருக்கும் அந்த வரைபடத்தின் குவிமாடங்களையும் மணிக்கூண்டையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஒரு பொறியியலாளர் கண்ணுக்கு முதலில் படுவது தாழ்வாரம். முகப்பு மேற்கைப் பார்க்கிறது. நம் ஊரில் மாலை மூன்று மணிக்கு மேற்குச் சுவரில் அடிக்கும் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வெயில் வளைவுகளைத் தாண்டித் தாழ்வாரத் தரையில் விழுந்து, அங்கேயே நின்றுவிடும். அறைச் சுவர் இரண்டாவது சுவர். முதல் சுவர் நிழல்தான்.

ஆனால் நிழல் மட்டும் போதாது. ஈரப்பதம் நிறைந்த ஊரில் காற்று அசையாவிட்டால் வியர்வை காயாது. அதற்குத்தான் அந்தக் காலத்து அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் தேவாலயங்களிலும் பங்கா இருந்தது. கூரையிலிருந்து தொங்கும் அகலமான துணிச்சட்டம், அதில் கட்டிய கயிறு. கயிறு சுவரில் உள்ள துளை வழியாக வெளியே போகும். வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒருவர் அதை இழுத்து இழுத்து விடுவார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பலர் இந்த வேலையைச் செய்தார்கள். பங்காக்காரர் தூங்கிவிட்டார், துரை எழுந்து வந்து கத்தினார் என்ற நகைச்சுவை காலனியக்காலக் குறிப்புகளில் சலிக்கச் சலிக்க வரும். அந்த ஜோக்கில் யாருக்கும் பெயர் இருக்காது.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் தொழில்நுட்பமாகப் பாருங்கள். உள்ளே இருப்பவரின் உடம்பு குளிர்வதற்கான விசை வெளியே இருப்பவரின் தோளிலிருந்து வருகிறது. இடையில் ஒரு சுவர், அதில் ஒரு துளை. இன்றைக்கும் நான் வரையும் ஏர்கோன் வரைபடத்தில் சுவருக்கு உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இடையில் குழாய் போக ஒரு துளை இருக்கும். உள்பெட்டி எடுக்கும் வெப்பத்தை வெளிப்பெட்டி தெருவில் கொட்டும். வெப்பம் காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. முதலாமாண்டு வெப்ப இயக்கவியலில் முதல் பாடமே இதுதான், ஆனால் பரீட்சைத்தாளில் அந்த ‘வெளியே’ என்ற இடத்தில் ஆள் யாரும் இருப்பதில்லை.

*

ஏர்கோன் மனிதருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல, தாளுக்காக. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் கோடை ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக விழாமல் போனது. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியியலாளர் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்க ஓர் இயந்திரம் வடிவமைத்தார். (அவருக்கு அப்போது வயது 25. என்னைவிடச் சின்னவர். சரி, விடுங்கள்.) பிறகு திரையரங்குகள், கடைத்தொகுதிகள், அலுவலகங்கள் என்று அது பரவியது.

1952-இல் அதே நியூயார்க்கில் லீவர் ஹவுஸ் எழுந்தது. ஏறக்குறைய எல்லாப் பக்கமும் கண்ணாடி, ஒரு ஜன்னலும் திறக்காது. முழுக்க ஏர்கோன். ஒரு சோப்பு நிறுவனத்தின் தலைமையகம் அது. கண்ணாடியைக் கழுவக் கூரையிலிருந்து ஆட்களோடு கூண்டு தொங்கவிட்டார்கள், கம்பெனி சோப்பைப் போட்டுக் கழுவுவது தெருவில் போகிறவர்களுக்கு நல்ல விளம்பரமாகவும் இருந்தது. பனி பெய்யும் ஊரில் பிறந்த அந்தக் கண்ணாடிப் பெட்டி அடுத்த 20, 30 ஆண்டுகளில் உலகத்தின் ஒவ்வொரு நகரத்துக்கும் போனது. நமக்கும் வந்தது.

வந்ததில் நியாயமும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. லீ குவான் இயூ பிரதமரானதும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று அரசாங்க ஊழியர்கள் வேலை செய்யும் கட்டடங்களுக்கு ஏர்கோன் போட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். வெப்பமண்டலத்தில் காலைக் குளிர்ச்சியிலும் மாலையிலும் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்ய முடியும், ஏர்கோன் அதை மாற்றியது என்பது அவர் வாதம். மதியம் இரண்டு மணிக்கு ஒரு கட்டுமானத் தளத்தில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் யாரும் அதை முழுசாக மறுக்க மாட்டார்கள்.

கண்ணாடிப் பெட்டியோடு கூடவே ஒரு மாடிவரைபடமும் வந்தது. லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை, குழாய்கள், மின்கம்பிகள் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி மேலே கொண்டுபோகும் தண்டை நாங்கள் ‘கோர்’ என்போம். ஏர்கோனும் குழல்விளக்கும் வந்த பிறகு இந்தத் தண்டுக்கு வெளிச்சமும் காற்றும் இயற்கையாகத் தேவைப்படவில்லை. ஆகவே அதைக் கட்டடத்தின் நடுவில் வைத்துவிடலாம். ஜன்னலோரம் முழுவதும் வாடகைக்கு. காட்சி தெரியும் இடத்துக்குத்தான் காசு. கழிப்பறைக்குக் காட்சி எதற்கு?

அம்மாவின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான். வாடகைக் கணக்கு.

*

இந்த மாடிவரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பியவர் பினாங்கில் பிறந்த கென் இயாங். 1970-களின் முதல் பாதியில் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்குச் சூழலியல் வடிவமைப்பைப் பற்றி ஆய்வு செய்தார். 1973 எண்ணெய் நெருக்கடி காலம். கட்டடத்தை ஒரு பொருளாகப் பார்க்காமல், உள்ளே போவதும் வெளியே வருவதுமாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் உயிர்ச்சூழலாகப் பார்க்கவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கோலாலம்பூருக்குத் திரும்பி, தெங்கு ரோபர்ட் ஹம்சாவோடு சேர்ந்து நிறுவனம் நடத்தினார். 1980-களின் நடுவில் அம்பாங்கில் தனக்காக ஒரு வீடு கட்டினார். வீட்டின் மேல் இன்னொரு கூரை, பட்டை பட்டையாகக் குடை மாதிரி. வீட்டின் பெயரே ‘ரூஃப் ரூஃப்’. வெயில் எந்த மணிக்கு எங்கே வரும் என்று பார்த்து, அந்தப் பட்டைகளின் கோணத்தை அமைத்திருந்தார். சோதனையைத் தன் தலைக்கு மேலேயே செய்து பார்த்த வடிவமைப்பாளர்கள் குறைவு.

அவர் பெயரை உலகத்துக்குச் சொன்ன கட்டடம் சுபாங் ஜெயாவில் இருக்கிறது. மெனாரா மெசினியாகா. ஐ.பி.எம். கணினிகளை இங்கே விற்றுவந்த மெசினியாகா நிறுவனத்தின் தலைமையகமாக 1992-இல் முடிந்தது. 15 மாடி, 63 மீட்டர். இன்றைய கோலாலம்பூர் கணக்கில் குட்டிக் கோபுரம். சுபாங் பேரேட் பேரங்காடி இருக்கும் அதே சாலையில்தான் நிற்கிறது. நாம் பலமுறை அதைத் தாண்டிப் போய் பர்கர் தின்றிருப்போம்.

வட்டமான கட்டடம். அடியில் மண்ணை மேடாகக் குவித்துப் புல்லும் செடியும் நட்டிருக்கிறார்கள், தரைமட்ட மாடிகள் அந்த மேட்டுக்குள் பாதி புதைந்த மாதிரி இருக்கும். அந்தப் பச்சை அங்கிருந்து கிளம்பிக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது: சில மாடிகளில் முகப்பை உள்ளே தள்ளி, அந்த வெட்டில் திறந்த மொட்டைமாடித் தோட்டம். அங்கே அலுவலகத்திலிருந்து கதவைத் திறந்து வெளியே வந்து நிற்கலாம். உச்சியில் வெயிலைத் தடுக்கும் இரும்புச் சட்டக்கூரை, நீச்சல்குளம். பிற்காலத்தில் சூரியத் தகடுகள் பொருத்தலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இடம் விட்டார்.

இதெல்லாம் புகைப்படத்தில் வருபவை. எனக்குப் பிடித்தது புகைப்படத்தில் அவ்வளவாக வராத விஷயம். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 பாகை வடக்கில் இருக்கிறது. சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே போகும். அப்படியானால் வடக்கு, தெற்குச் சுவர்களில் விழும் வெயில் குறைவு, நெட்டாக மேலிருந்து வருவதால் தடுப்பதும் சுலபம். பிரச்சினை கிழக்கும் மேற்கும். காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்வாக, கண்ணுக்கு நேராக வரும். சின்ன நிழல்தட்டெல்லாம் அதற்குப் போதாது. இயாங் செய்தது எளிமையானது. மற்றவர்கள் நடுவில் வைக்கும் தண்டைத் தூக்கிக் கிழக்குப் பக்கம் வைத்தார். லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் சேர்ந்து காலை வெயிலுக்குக் கனமான கேடயமாக நிற்கும். வெயில் படும் மற்ற ஜன்னல்களுக்கு வெளியே அலுமினியத் தகடுகள். வெயில் குறைந்த வடக்கிலும் தெற்கிலும் கண்ணாடி.

தண்டு வெளிச்சுவருக்கு வந்ததும் இன்னொன்று தானாக நடந்தது. லிஃப்ட் முன்கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் இயற்கை வெளிச்சமும் காற்றும் கிடைத்தன. அங்கே ஏர்கோன் வேண்டாம். பகலில் விளக்கும் அவ்வளவு வேண்டாம். மின்சாரம் மிச்சம். தீ விபத்தில் புகை சூழாமல் படிக்கட்டைக் காக்கச் சாதாரணக் கோபுரங்களில் பெரிய மின்விசிறி வைத்துக் காற்றைத் திணிப்போம். வெளிப்பக்கம் திறந்த படிக்கட்டுக்கு அந்தத் தொல்லையும் பெருமளவு குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபாங் பேரேடில் சாமான் வாங்கிவிட்டு வரும்போது அம்மாவை அந்தக் கட்டடத்துக்கு எதிரே நிறுத்திக் காட்டினேன். உள்ளே போகவில்லை, சாலையிலிருந்துதான். “அதோ அந்தப் பக்கம் இருக்கே, அதுதான்ம்மா படிக்கட்டு, டாய்லெட் எல்லாம்.”

“வெளிச்சுவத்துலயா வச்சிருக்காங்க?”

“ஆமா. ஜன்னலோட.”

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். “கிழக்கா அது? அப்போ ஒன்பது மணிக்கு மேல அங்க நின்னு கழுவறவங்களுக்குச் சுடாதா?”

நான் படித்த கட்டுரைகள் எதிலும் அந்தக் கேள்வி இல்லை. 1995-இல் இந்தக் கட்டடத்துக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பாராட்டியவர்கள் தோட்டத்தைப் பாராட்டினார்கள், பருவநிலைக்கு ஏற்ற உயர்கட்டடம் என்றார்கள். குறை சொன்னவர்கள் உள்ளே அலுவலகம் முழுக்க ஏர்கோன்தானே என்றார்கள். அது உண்மைதான், மேசைகள் இருக்கும் இடம் எல்லாம் ஏர்கோன். எங்கள் துறையில் சிலர், இவர் கட்டடங்களைப் பற்றி வெளிவந்த படங்கள் அளவுக்கு மின்சார அளவீடுகள் வெளிவரவில்லையே என்று இன்றும் முணுமுணுப்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் மிச்சம் பிடித்த மின்சாரம் எங்கே மிச்சமானது என்று பார்த்தால், அம்மா மாதிரி ஆட்கள் நாள் முழுக்க நிற்கும் இடங்களில். ஜன்னல் அவர்களுக்குக் கிடைத்த வரம். அதே ஜன்னல் வழியாக வரும் வெயில், மேசையில் இருப்பவர்களுக்காக அவர்கள் வாங்கிக்கொள்ளும் வெயில். இரண்டும் ஒரே சுவரில்.

எனக்கு அந்த ஜன்னல் போதும். சுடுகிற ஜன்னலுக்கு வெளியே ஒரு தகடு வைத்து நிழல் கொடுக்கலாம். இல்லாத ஜன்னலுக்கு எதையும் செய்ய முடியாது. அம்மாவும் பஸ்ஸில் ஏறிய பிறகு, “காத்து வந்தா சூடு தெரியாது” என்று தானாகவே சொன்னார்.

பினாங்கில் 1998-இல் முடிந்த 21 மாடி மெனாரா அம்னோவில் இயாங் இன்னும் ஒரு படி போனார். கட்டடத்தின் பக்கவாட்டில் இறக்கை மாதிரி உயரமான சுவர்களை நீட்டி, வீசும் காற்றைப் பிடித்துப் பால்கனிகள் வழியாக மேசைகள் வரை அனுப்பப் பார்த்தார். ஏர்கோன் நின்றாலும் வேலை செய்யக்கூடிய அலுவலகக் கோபுரம் என்பது எண்ணம். ஏர்கோனோடுதான் அதுவும் இயங்கியது. தீவில் காற்று தினமும் ஒரே மாதிரி வீசுமா என்ன? இருந்தாலும் காற்றை ஒரு கட்டுமானப் பொருளாக எடுத்துக்கொண்டு வரைந்த துணிச்சலை நான் மதிக்கிறேன். அதற்குப் பிறகு நம் அலுவலகக் கட்டடங்களின் கதை வேறு திசையில் திரும்பிவிட்டது.

*

அந்தத் திசைக்கு விதை போட்டதும் எண்ணெய் விலைதான். சிங்கப்பூர் 1979-இலேயே, கட்டடத்தின் வெளிச்சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்று சட்டத்தில் எண் போட்டு வரம்பு வைத்தது. மலேசியாவில் 1989-இல் வழிகாட்டி வந்தது, 2001-இல் எம்.எஸ். 1525 என்ற தரவிதியாக ஆனது. எங்கள் அலுவலகத்தில் அதற்குத் தனி மரியாதை, அலமாரியில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சுவருக்குச் சதுர மீட்டருக்கு 50 வாட் வரம்பு, அறை வெப்பம் இத்தனை பாகைக்குள் என்று எல்லாம் எண்கள்.

எண்கள் வந்த பிறகு கட்டடங்களும் எண்களுக்காகக் கட்டப்பட்டன. 2004-இல் புத்ராஜெயாவில் எரிசக்தி, நீர், தொடர்பு அமைச்சு குடியேறிய கட்டடத்துக்கு ‘லியோ’ என்று பெயர், குறைந்த எரிசக்தி அலுவலகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். டென்மார்க் அரசாங்கத்தின் உதவியோடு வடிவமைத்தார்கள். வழக்கமான அலுவலகங்கள் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோவாட் மணிக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் 100 என்று இலக்கு வைத்து, முதல் ஆண்டு அளவீட்டில் 114-க்கு வந்தார்கள். ஜன்னல்கள் ஆழமாகச் சுவருக்குள் தள்ளி வைக்கப்பட்டவை. சுல்தான் அப்துல் சமாட் தாழ்வாரத்தின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம்.

2007-இல் பாண்டார் பாரு பாங்கியில் மலேசிய எரிசக்தி மையம் தனக்கே ஒரு சோதனைக் கட்டடம் கட்டிக்கொண்டது. ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர்தான். மேல்மாடி கீழ்மாடியைவிட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு மாடியும் தனக்குக் கீழே இருப்பதற்குக் குடை பிடிக்கும். கூரையில் 92 கிலோவாட் சூரியத் தகடுகள். ஆண்டு முழுவதும் தான் எடுக்கும் மின்சாரத்தைத் தானே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது குறிக்கோள்.

அங்கே செய்து பார்த்த ஒரு முறை பின்னர் புத்ராஜெயாவின் ‘வைரக் கட்டடத்தில்’ பெரிதாக வந்தது. எரிசக்தி ஆணையத்தின் தலைமையகமான அது 2010-இல் முடிந்தது. தலைகீழாக நட்ட பிரமிடு மாதிரி, நாலு முகமும் 25 பாகை வெளியே சாய்ந்திருக்கும். அந்த 25 சும்மா அழகுக்கு எடுத்த எண்ணல்ல. சூரியன் ஆண்டுக்குள் வடக்கே 23.5 பாகையும் தெற்கே 23.5 பாகையும் நகர்கிறது. சுவரை அதற்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்துவிட்டால், நடுப்பகலில் வடக்கு, தெற்குக் கண்ணாடிகளில் நேரடி வெயில் படாத நாளே அதிகம். நம் அட்சரேகையில் மட்டும்தான் இந்த வடிவம் இந்த அளவு வேலை செய்யும். லண்டனில் கட்டினால் குளிர்காலத்தில் தாழ்ந்த வெயில் நேராக உள்ளே வந்துவிடும்.

வைரத்தின் உள்ளே இருக்கும் கெட்டிக்காரத்தனம் தரையில். கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் புதைத்து, இரவில் குளிர்ந்த நீரை ஓட்டித் தளத்தையே குளிரவைக்கிறார்கள். பகலில் அந்தத் தளம் மெதுவாகக் குளிர்ச்சியைக் கொடுக்கும். பாட்டி வீட்டுச் சிமெண்டுத் தரையில் பாயில்லாமல் படுத்தவர்களுக்கு இது விளங்கும். காற்றைக் குளிராக்கி மின்விசிறியால் ஊதுவதைவிட, நீரைக் குழாயில் ஓட்டுவது செலவு குறைந்தது. 85 என்று வடிவமைத்த கட்டடம் அதற்கும் கீழே ஓடியது. மலேசியாவின் பிளாட்டினம், சிங்கப்பூரின் பிளாட்டினம் இரண்டு சான்றிதழும் கிடைத்தன.

ஆனால் குளிர்ந்த தளத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஐஸ் மைலோ டம்ளர் மேசையில் வைத்தால் வியர்க்கிறதல்லவா, அதே மாதிரி நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்தால் குளிர்ந்த கான்கிரீட்டும் வியர்க்கும். வெளிக்காற்று நம்மிடம் சுமார் 24 பாகையிலேயே நீராக மாறத் தொடங்கிவிடும். ஆகவே கட்டடம் காற்றுப் புகாமல் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். ஜன்னல் திறக்கக்கூடாது. இயாங் காற்றை உள்ளே கூப்பிட்ட இடத்தில் இவர்கள் கதவைச் சாத்தினார்கள். இரண்டும் பசுமைதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பசுமைக் கட்டடம் என்று ஒரே பெயரில் அழைப்பதால் இந்தச் சண்டை வெளியே தெரிவதில்லை.

மின்சாரம் என்று பார்த்தால் சாத்திய கட்சி ஜெயித்துவிட்டது. அளந்து காட்டிய எண்ணோடு யாரும் வாதாட முடியாது. நானும் சாத்திய கட்சியில்தான் சம்பளம் வாங்குகிறேன். என் சங்கடம் அந்த எண்ணின் ஓரத்தில் இருக்கிறது. 2009-இல் தொடங்கிய நம் பசுமைக் கட்டடக் குறியீட்டில் ஒரு கட்டடத்தின் எரிசக்தி எண்ணைக் கணக்கிடும்போது கார் நிறுத்துமிடத்தின் மின்சாரத்தையும் பரப்பையும் கழித்துவிடுவோம். மிச்சத்தை வாரத்துக்கு 52 மணி நேர அலுவலக நேரத்துக்குச் சமப்படுத்துவோம். கட்டடங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட இது தேவை, தொழில்நுட்பமாக ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பேஸ்மெண்ட் குடிலில் 12 மணி நேரம் உட்காரும் நேப்பாளிக் காவலர் கழிக்கப்பட்ட பரப்பில் இருக்கிறார். காலை ஆறு மணிக்கு வரும் அம்மா 52 மணி நேரத்துக்கு வெளியே இருக்கிறார். மின்விசிறியை எட்டு மணிக்கு முன் போடாமல் இருப்பது எண்ணைக் குறைக்கும், அதனால் அது நல்ல பழக்கம். எந்தப் படிவத்திலும் அது தப்பாகத் தெரியாது.

*

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அலுவலகக் கோபுரத்தின் ஆரம்பக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மனை கிழக்கு மேற்காகக் குறுகலானது. தண்டை மேற்குப் பக்கம் தள்ளினால் மாலை வெயிலுக்கு அதுவே தடுப்பு, ஏர்கோன் இயந்திரத்தின் அளவையும் கொஞ்சம் குறைக்கலாம் என்று நான் சொன்னேன். மெசினியாகாவின் மாடிவரைபடத்தையும் காட்டினேன். கட்டடக்கலைஞருக்குப் பிடித்திருந்தது, அது அவர் முகத்தில் தெரிந்தது. உரிமையாளர் தரப்பிலிருந்து வந்தவர் கால்குலேட்டரை எடுத்தார். மேற்குப் பக்கம்தான் நகரக் காட்சி, அங்கே சதுர அடிக்கு வாடகை கூட. பத்து நிமிடத்தில் தண்டு நடுவுக்குத் திரும்பிவிட்டது. வெயிலைக் கண்ணாடியின் பூச்சு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். நல்ல கண்ணாடிதான், வரம்புக்குள் வந்தது, சான்றிதழும் வரும்.

பின்னர் மின்விசிறிகளின் நேர அட்டவணை எழுதும்போது, கழிப்பறை விசிறிகளுக்குக் காலை 5:30 என்று எழுதினேன். மூத்த பொறியியலாளர் ஏன் என்று கேட்டார். துப்புரவுப் பணியாளர்கள் அந்த நேரத்துக்கு வருவார்கள் என்றேன். எவ்வளவு கூடும் என்றார். 2.2 கிலோவாட் மோட்டார், தினமும் இரண்டரை மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள்: 1,650 கிலோவாட் மணி. 25,000 சதுர மீட்டருக்குப் பிரித்தால் 0.07-ஐத் தொடாது. தாளில் போட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “இதுக்கெல்லாமா கணக்கு போடுவ?” என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். “எந்தக் கட்டடத்துக்கு?” என்று கேட்டார். சொன்னேன். அவர் வேலை செய்யும் கட்டடம் இல்லை அது. அங்கே இன்னும் எட்டு மணிக்குத்தான்.